ஈபேயில் பழைய கமரா விற்ற ஆறு வருடங்கள்

2019 கோடையில்தான் முதல் கமராவை ஈபேயில் ஏலத்துக்கு விட்டேன். ஒலிம்பஸ் ட்ரிப் 35. எசெக்ஸில் ஒரு கார் பூட் சேலில், அதாவது ஆட்கள் காரில் கொண்டுவந்து பழைய சாமான் விற்கும் சந்தையில், 6 பவுணுக்கு வாங்கியது. கைபேசியில் மூன்று படம் எடுத்து, "பழைய கமரா, நல்ல நிலை" என்று ஒரு வரி எழுதிப் போட்டேன். 11 பவுணுக்குப் போனது. அதே மாதிரி ஒன்று போன மாதம் 58 பவுணுக்குப் போனது. இடையில் பிலிம் கமராக்களின் விலை ஏறியதும் உண்மை. ஆனால் அன்றைய 11 பவுண் என் பிழை என்று இப்போது நன்றாகத் தெரிகிறது.

லண்டன் கோயில்களில் மாம்பழ ஏலம் பார்த்திருப்பீர்கள். ஒருவர் 50 என்பார், அடுத்தவர் 60 என்பார், ஒரு தரம் இரண்டு தரம் என்று போகும். ஈபேயில் அப்படி இல்லை. கேட்பவர் தன்னுடைய உச்ச விலையை ரகசியமாகப் போட்டுவிட்டுப் போய்விடலாம். அவருக்காகக் கணினி தேவையான அளவுக்கு மட்டும் ஏற்றிக் கேட்கும். ஒருவர் 80 பவுண் வரை போட்டிருக்கிறார், அடுத்தவர் 45 வரை போட்டிருக்கிறார் என்றால் பொருள் 46க்குத்தான் போகும். 80 தரத் தயாரான மனிதர் ஒருவர் இருந்தும் எனக்குக் கிடைப்பது 46. அதாவது என் விலையைத் தீர்மானிப்பவர் வெல்பவர் அல்ல, இரண்டாவதாக வருபவர். இது விளங்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. விளங்கிய பிறகு விற்கும் முறையே மாறியது.

வெல்பவர் பெரும்பாலும் கமராவை அறிந்தவர். படம் மங்கலாக இருந்தாலும் துணிந்து வாங்குவார். இரண்டாமவர்தான் தயங்குகிறார். வேலை செய்யுமோ, லென்ஸுக்குள் பூஞ்சை இருக்குமோ, உடைந்து வருமோ என்று ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஐந்து பவுண் குறைத்துக்கொள்வார். நான் இப்போது எழுதுவதெல்லாம் அவருக்காகத்தான்.

ட்ரிப் 35ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு பற்றரி கிடையாது. லென்ஸைச் சுற்றியிருக்கும் தேன்கூடு மாதிரியான செலீனியம் வளையம்தான் வெளிச்சத்தை அளக்கிறது. அந்த வளையம் செத்துப்போனால் தானியங்கி முறையில் படம் சரிவராது. சோதிப்பது எளிது. தானியங்கி நிலையான 'ஏ'யில் வைத்து, லென்ஸை உள்ளங்கையால் மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினால் பார்வைக் கண்ணாடிக்குள் ஒரு சிவப்புக் கொடி எழும்பும், ஷட்டர் விழாது. யன்னலைப் பார்த்து அழுத்தினால் விழும். அந்தச் சிவப்புக் கொடியைப் பார்வைக் கண்ணாடி வழியாகப் படம் எடுத்துப் போடுகிறேன். எடுப்பது சிரமம், ஐந்தாறு தரம் முயல வேண்டும். ஆனால் "வேலை செய்கிறது" என்று நூறு பேர் எழுதும் இடத்தில் அந்த ஒரு படம் பேசும்.

லென்ஸ் விடயம் எனக்குக் காசு செலவழித்துப் படித்த பாடம். 2021இல் ஒரு பென்டாக்ஸ் ஸ்பொட்மற்றிக்கை லென்ஸோடு விற்றேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சுத்தம் என்று எழுதிவிட்டேன். ஸ்கொட்லாந்திலிருந்து வாங்கியவர் பின்பக்கத்தால் ரோச் அடித்து எடுத்த படம் ஒன்று அனுப்பினார். ஓரத்தில் சிலந்திவலை மாதிரி மெல்லிய நூல்கள். பூஞ்சையேதான். அவர் சொன்னது சரி. தபால் செலவும் சேர்த்து முழுக்காசையும் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு லென்ஸையும் இரவில் குசினி விளக்கை அணைத்துவிட்டு, ரோச்சைச் சரித்துப் பிடித்துப் பார்த்து, அந்தப் படத்தையும் போடுகிறேன். பூஞ்சை இருந்தால் அதைத்தான் இரண்டாவது படமாகப் போடுவேன். 24 படம் வரை போட இடம் தருகிறார்கள், பிறகு ஏன் ஒளிக்க வேண்டும்?

பழுதான சாமானையும் பழுது என்று தெளிவாக எழுதினால் கேட்க ஆள் இருக்கிறது, உதிரிப்பாகம் தேடுபவர்கள் நிறையப் பேர். 1995இல் பியர் ஒமிடியார் இந்தத் தளத்தைத் தொடங்கியபோது முதலில் விற்றதே ஒரு பழுதான லேசர் பாயின்டர்தான், 14.83 டொலருக்கு.

தொடக்க விலை பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். "அண்ணை, 99 பென்ஸில போட்டா ஆரும் அடிச்சுக்கொண்டு போயிடுவாங்களோ?" என்று பக்கத்து வீட்டுத் தம்பி கேட்டார். போகலாம். பலர் தேடும் சாமான் என்றால் 99 பென்ஸில் தொடங்கலாம், கூட்டம் தானாகச் சேரும். தேடுவோர் குறைவு என்றால் நட்டப்படாத விலையில் தொடங்குங்கள். அதற்கு முன் "விற்றவை" என்ற வடிகட்டியைத் தட்டி, அதே சாமான் உண்மையில் என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள். ஆட்கள் கேட்டுக்கொண்டிருக்கும் விலை வேறு, கைமாறிய விலை வேறு. கைமாறிய விலைகள் எல்லாம் ஒரே அளவில் இருந்தால் ஏலமே வேண்டாம், நிலையான விலையில் போட்டுவிடலாம். கனொன் ஏஇ-1ஐ நான் அப்படித்தான் விற்கிறேன்.

ஏலம் முடியும் நேரம் ஞாயிறு இரவு எட்டு மணியளவில் இருக்கட்டும். பலர் கடைசிப் பத்து விநாடியில்தான் கேட்பார்கள், அந்நேரம் அவர்கள் வீட்டில் இருக்க வேண்டும். வங்கி விடுமுறை வார இறுதியில் மட்டும் முடியவிடாதீர்கள்.

பொதி செய்வதில் கை சுருக்க வேண்டாம். குமிழித் தாளில் சுற்றி, சிறு பெட்டிக்குள் வைத்து, அதைப் பெரிய பெட்டிக்குள் வைக்கிறேன். ஒரு தனியார் கூரியரில் இரண்டு பவுண் மிச்சம் பிடிக்கப்போய் ஒரு மினோல்டா கமரா காணாமலே போனது. ஆறு கிழமை மின்னஞ்சல் எழுதியும் பதில் இல்லை. இப்போது தபாற்கந்தோரில் நேரே கொடுத்து ரசீது வாங்கிக்கொள்கிறேன்.

வரி விடயத்தை அசட்டை செய்யாதீர்கள். 2024 ஒக்டோபரிலிருந்து பிரித்தானியாவில் தனிப்பட்ட விற்பனையாளரிடம், வாகனங்கள் தவிர, ஈபே விற்பனைக் கட்டணம் எடுப்பதில்லை. ஆனால் அது வீட்டுச் சாமானை விற்பவருக்கு. என்னைப் போல் வாங்கி விற்பவர் வியாபாரக் கணக்குத்தான் வைத்திருக்க வேண்டும், கட்டணமும் உண்டு, வாங்கியவர் 14 நாளுக்குள் மனம் மாறினாலும் திருப்பி எடுக்க வேண்டும். வருடத்தில் 1,000 பவுணுக்கு மேல் விற்றால் வரித் திணைக்களத்துக்கும் தெரியப்படுத்த வேண்டும்.

வரும் ஞாயிறு ஒரு யாஷிகா மாட் கமராவின் ஏலம் முடிகிறது. இரட்டை லென்ஸ், ஒரு பிலிம் போட்டு எடுத்த படங்களையும் சேர்த்திருக்கிறேன். 14 பேர் கண் வைத்திருக்கிறார்கள். இதை எழுதும்வரை கேட்டவர் ஒருவர்தான்.