கால்டெரா: தாக்குதலை ஓட்டும், தீர்ப்பு சொல்லாது

பாதுகாப்பு ஏற்பாடுகளைத் தாக்குபவரின் உத்திகளைக் கொண்டே விடாமல் சோதிக்க, மைட்டர் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ஓப்பன் சோர்ஸ் கருவிதான் கால்டெரா. அப்பாச்சி 2.0 உரிமம், காசு கிடையாது, வேலை உண்டு.

நிறுவுவது பெரிய பாடில்லை. பைத்தான் சர்வர், 5ஆம் பதிப்பிலிருந்து வலைத் திரைக்கு நோட்.ஜேஎஸ் மென்பொருளும் வேண்டும். கிட் (Git) களஞ்சியத்திலிருந்து சப்மாட்யூல்களையும் (உள்ளே இணைத்த துணைக் களஞ்சியங்கள்) சேர்த்து இறக்காவிட்டால் பிளகின் ஃபோல்டர்கள் காலியாகக் கிடக்கும். பதிப்பில் மட்டும் கறாராக இருங்கள்: ஏஜென்டை (சோதிக்கும் கணினியில் இருந்து கட்டளைகளை ஓட்டும் சிறு நிரல்) கேட்டவுடன் கம்பைல் செய்து தரும் வசதியில் இருந்த ஓட்டை (பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் சி.வி.இ.-2025-27364), லாகின் இல்லாமலே சர்வரில் கோட் ஓட்ட வழிவிட்டது. 5.1.0க்குக் கீழே எதுவும் வேண்டாம். சோதனைக் கருவியே நுழைவாயிலானால் வேறென்ன சொல்ல!

ஆபரேஷன் (ஒரு தாக்குதல் ஓட்டம்) தொடங்கியதும் ஏஜென்ட் 2 முதல் 8 நொடிக்கு ஒருமுறை சர்வரை அழைக்கும். நிஜத் தாக்குபவர் இவ்வளவு அவசரப்படமாட்டார். பீக்கனை, அதாவது இப்படி விட்டுவிட்டுச் சர்வரை அழைப்பதை, உங்கள் பாதுகாப்பு கண்டறிகிறதா எனச் சோதிப்பதானால் ஜிட்டரை (அழைப்புகளுக்கு இடையிலான நேரம்) நிமிடக் கணக்குக்கு உயர்த்துங்கள்.

சிக்கலே முடிவுகளைப் படிப்பதில்தான். பச்சை என்றால் கட்டளை ஓடியது, அவ்வளவே. அலாரம் அடித்ததா என்பது கால்டெராவுக்குத் தெரியாது. சிவப்பு என்றால் ஈடிஆர் (கணினியைக் கண்காணித்துத் தாக்குதலைத் தடுக்கும் மென்பொருள்) தடுத்திருக்கலாம், ஏஜென்டுக்கு அட்மின் உரிமை இல்லாமலும் இருக்கலாம். விண்டோஸில் லாகின் விவரங்களைக் கையாளும் எல்சாஸ் நிரலின் நினைவகத்தைப் படிக்கும் சோதனையில் (மைட்டரின் அட்டாக் பட்டியலில் டி1003.001) இந்தக் குழப்பம் சகஜம். சிஸ்மானின் (விண்டோஸ் நடப்புகளைப் பதியும் கருவி) நிகழ்வு 10, அதாவது ஒரு நிரல் இன்னொன்றைத் தொட்டது, பதிவானதா, அது சீமுக்கு (பதிவுகளைத் திரட்டி எச்சரிக்கும் மையம்) வந்ததா, விதி எச்சரித்ததா என மூன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும். முன் படி தரவேண்டிய தகவல் கிடைக்காவிட்டால் அடுத்த படிகள் ஓடவே ஓடா, திரையிலும் தென்படா. காரணம் முழு அறிக்கையின் 'ஸ்கிப்டு' பகுதியில் இருக்கும்.

கால்டெராவின் வழக்கமான ஏஜென்டான சாண்ட்கேட் கணினிக்கு வந்ததும் ஆன்டிவைரஸ் அதை அழிக்கும். அதற்காக ஃபோல்டர் முழுவதற்கும் விலக்கு கொடுத்தால், அங்கே இறங்கும் பேலோடுகளும் (தாக்குதலுக்கான ஃபைல்கள்) தப்பிவிடும், சோதனை வீண். விலக்கு அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் போதும்.

ஷெட்யூல் வசதி கிரான் முறையில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் முறை) நன்றாகவே இயங்குகிறது. விதியோ ஈடிஆரோ மாறிய கையோடு அதே புரொஃபைலை (தாக்குதல் படிகளின் தொகுப்பு) மறுபடி ஓட்டுவதற்கு இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் சோதனை விட்டுச்சென்றதைத் துடைக்கும் கிளீனப் கட்டளைகளை ஓட்டுவதும் ஏஜென்ட்தான். அது நடுவில் செத்தால் மிச்சமெல்லாம் கணினியிலேயே கிடக்கும். மறுநாள் ஓட்டத்துக்கு முன் கையால் துடைத்துவிடுங்கள்.