மன்சோனி நாவலில் எதை வாசிப்பது: 4-ஆம் அத்தியாயமா, 25–26-ஆ?

இத்தாலிய எழுத்தாளர் மன்சோனியின் 'இ ப்ரொமெஸ்ஸி ஸ்போஸி' (மணம் நிச்சயிக்கப்பட்டவர்கள்) நாவலில் மொத்தம் 38 அத்தியாயங்கள். வாசகர் வட்டத்தில் ஒரு மாலைக்கு எதை எடுப்பது என்று தயங்குவோர் உண்டு.

கரு: 4-இல் மன்னிப்பு. வழிவிடும் தகராறில் ஒரு பிரபுவைக் கொன்ற லொதோவிகோ, அதே சண்டையில் உயிர்விட்ட தன் பணியாள் கிறிஸ்தோஃபரோவின் பெயரை ஏற்றுத் துறவியாகிறார். இறந்தவரின் சகோதரரிடம் மன்னிப்புக் கேட்டு, அதன் அடையாளமாக ஒரு ரொட்டியைப் பெறுகிறார்.
25–26-இல் கோழைத்தனமும் கடமையும். உள்ளூர்ப் பிரபு தோன் ரொத்ரிகோவின் மிரட்டலுக்குப் பயந்து, நாயகன் ரென்ஸோவின் திருமணத்தை நடத்தாத பாதிரியார் தோன் அப்போந்தியோவைக் கர்தினால் ஃபெதெரிகோ பொர்ரொமேயோ கேள்வி கேட்கிறார். துணிச்சலை ஒருவர் தனக்குத்தானே கொடுத்துக்கொள்ள முடியாது என்கிறார் பாதிரியார். வாதம் சூடுபிடிப்பது இங்கேதான்.

முன்தயாரிப்பு: 4 தனித்தே புரியும்.
25-க்கு முதல் அத்தியாயம் கட்டாயம். 1628 நவம்பர் 7 அன்று இரண்டு அடியாட்கள் வழிமறிக்கும் காட்சி தெரியாவிட்டால் பாதிரியார் வெறும் கேலிப்பாத்திரமாகிவிடுவார். அங்கே நீளும் அரசாணைகளில் பலர் சோர்ந்துபோவார்கள். ஆனால் சட்டம் காகிதத்தில் மட்டுமே இருந்ததைக் காட்டுபவை அவைதான். அவரது பயத்தின் வேரும் அதுவே.

சறுக்கும் இடம்: 4-ஓடு நிறுத்தினால் மன்னிப்பு எளிதாகத் தெரியும். கொள்ளைநோய் முகாமில், சாகக் கிடக்கும் தோன் ரொத்ரிகோவை ரென்ஸோ மன்னிக்க வேண்டிவரும் 35-ஐயும் சேருங்கள்.

முதல்முறை வாசகர்களுக்கு 4-உம் 35-உம். விவாதிக்க விரும்புவோருக்கு 1, 25, 26. நேரமிருந்தால், ரொத்ரிகோ போன்றவர்களைப் பெருக்கித் தள்ளிய துடைப்பம் என்று கொள்ளைநோயை அப்போந்தியோ மெச்சும் 38-உம்.