மேலே புது ஸ்டிக்கர், உள்ளே பழைய பேட்டரி: குமரி மாவட்டத்தில் கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

போன மாதம், அதிகாலை இரண்டரை மணி. வளைகுடாவிலிருந்து வரும் மச்சானை அழைத்து வரத் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினேன். சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும்தான். டாஷ்போர்டு விளக்கும் மங்கிவிட்டது. வெளியே கொட்டுகிற மழை. பக்கத்து வீட்டு அண்ணனை எழுப்பி, அவர் வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டுக் கிளப்பினோம். அணைத்தால் திரும்பக் கிளம்புமோ என்ற பயத்தில், ஏர்போர்ட்டிலும் இன்ஜினை ஓடவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

அந்த பேட்டரி வாங்கி ஏழு மாதம்தான் ஆகிறது. மார்த்தாண்டம் பக்கம் ஒரு கடை. "பில் வேண்டாம்னா எழுநூறு ரூவா குறைச்சுத் தாரேன். வாரண்டி கார்டு இருக்குல்லா, பொறவு என்ன?" என்றார். நானும் தலையாட்டினேன். புத்தி கெட்டது அங்கேதான்.

திரும்பக் கொண்டுபோனபோது மீட்டர்கூட வைத்துப் பார்க்கவில்லை. "ஆல்டர்னேட்டர் போச்சு, பேட்டரிக்கு ஒண்ணும் இல்ல" என்று, இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவியின் மேல் பழியைப் போட்டு அனுப்பிவிட்டார்.

தக்கலையில் தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் போனேன். இன்ஜின் ஓடும்போது 14.1 வோல்ட் வந்தது. ஆல்டர்னேட்டரில் குறையே இல்லை. பேட்டரியைக் கழற்றி இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு, மறுநாள் மாலை வரை சும்மா வைத்துப் பார்த்தார். 12.1 காட்டியது. நல்ல பேட்டரி என்றால் 12.6 நிற்க வேண்டும். சார்ஜரிலிருந்து எடுத்த கையோடு அளந்தால் செத்த பேட்டரிகூட 13 காட்டுமாம். வாங்கும்போது கடைக்காரர் எனக்குக் காட்டியது அதைத்தான்.

அப்புறம் டெர்மினலைக் காட்டினார். உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்திருந்தாலும், அடிப்பக்கம் பழைய கிளாம்ப் கடித்த தழும்பு அப்படியே இருந்தது. ஸ்டிக்கரின் மூலையை நகத்தால் கிளப்பினால் கீழே வேறொரு ஸ்டிக்கரின் காய்ந்த பசை. பெட்டியில் பொறித்திருந்த நம்பரைச் சூடு வைத்து உருக்கியிருந்தார்கள்; மிஞ்சிய கடைசி மூன்று எண் கார்டோடு ஒத்துப்போகவில்லை. பழசுக்கு ஆசிட் மாற்றி மெல்லச் சார்ஜ் ஏற்றினால் சில மாதம் உயிர் வருமாம். ஆனால் உள்ளே இருக்கும் ஈயத் தட்டிலிருந்து உதிர்ந்தது உதிர்ந்ததுதான்.

நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் ஐந்து கிலோமீட்டர்தான் ஓட்டுவேன். அப்படி ஓட்டினால் பேட்டரி சீக்கிரம் கெடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதே ஓட்டத்துக்கு முந்தைய பேட்டரி நாலரை வருடம் உழைத்தது. அதையும் எக்ஸ்சேஞ்சில் அதே கடைக்காரரிடம்தான் கொடுத்தேன். இப்போது யார் வண்டியில் புது ஸ்டிக்கரோடு இருக்கிறதோ!

வாங்கப் போகிறவர்கள் காசு கொடுக்கும் முன்பு பெட்டியில் இருக்கும் நம்பரையும் கார்டில் இருக்கும் நம்பரையும் ஒத்துப் பாருங்கள். கார்டில் தேதி, கடை முத்திரை, பில் எதையும் விடாதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன். முதலில் கேட்டதே பில்தான். என்னிடம் இருப்பது கூகுள் பே ரசீது மட்டும். அதை வைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன்.

சித்தி வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியும் அதே கடையில் வாங்கியதுதான். நாளைக்குப் போய் ஸ்டிக்கரைக் கிளப்பிப் பார்க்க வேண்டும்.