மஞ்சள் மல்டிமீட்டர்: எவ்வளவு நம்பலாம்?

எலெக்ட்ரிக்கல் கடைகளில் தொங்கும் மஞ்சள் நிற 830 வகை டிஜிட்டல் மல்டிமீட்டரை (வோல்ட், ஆம்பியர் அளக்கும் கருவி) வாங்கினால், முதலில் கையேட்டைப் பிரித்துப் பாருங்கள். டிசி (பேட்டரி தரும் நேர் மின்சாரம்) வோல்ட்டுக்குப் பிழை அளவு பொதுவாக ±(0.5% + 2 இலக்கம்) என்றிருக்கும். பலர் அந்த 0.5-ஐ மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடுகிறார்கள், வால்பகுதியான "+ 2 இலக்க"த்தில்தான் விஷயம்.

பைக் பேட்டரியை 20 வோல்ட் ரேஞ்சில் (20 வோல்ட் வரை அளக்கும் நிலையில்) வைத்து அளந்தால் 12.60 காட்டுகிறது என்போம். அதில் 0.5% என்பது 0.063. கடைசி இலக்கம் 0.01, இரண்டு இலக்கத்துக்கு 0.02. ஆக, உண்மை மதிப்பை V என்று வைத்தால் |V − 12.60| ≤ 0.083. உண்மை மதிப்பு 12.517 ≤ V ≤ 12.683. இந்த விலைக்கு இது தாராளம்.

அதே பேட்டரியை 200 ரேஞ்சில் வைத்தால் கடைசி இலக்கம் 0.1 ஆகிவிடும். பிழை 0.063 + 0.2 = 0.263, அதாவது 12.337 ≤ V ≤ 12.863. முழு சார்ஜா, முக்கால் சார்ஜா என்று இதை வைத்துச் சொல்லவே முடியாது. திரையில் என்னவோ அதே 12.6தான்!

ஏசியில் (வீட்டுக்கு வரும் மாறு மின்சாரம்) இன்னும் மோசம். 750 ரேஞ்சில் ±(1.2% + 10 இலக்கம்) என்றால், கடைசி இலக்கம் அங்கே 1 வோல்ட், அதனால் 230 காட்டும்போது பிழை 2.76 + 10, அதாவது |V − 230| ≤ 12.76. வீட்டு மின்சாரம் வருகிறதா என்று பார்க்கலாம். ஸ்டெபிலைசரைச் சரிபார்க்க வேண்டாம்.

மீட்டருக்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரி தேய்ந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். அப்போது மேலே சொன்ன எல்லைகள் எதுவும் செல்லாது. 10 ஆம்பியர் துளைக்குப் பெரும்பாலும் ஃபியூஸ் கிடையாது, கவனம்.