விறகடுப்பு காத்த விடுமுறை வீடு

2022 டிசம்பர் 23ஆம் தேதி கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தைப் பனிப்புயல் தாக்கியபோது, பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியில் ஏரிக்கரையோரம் வாடகைக்கு எடுத்த வீட்டில் நாங்கள் ஆறு பேர் தங்கியிருந்தோம். அன்று மாலை நின்ற மின்சாரம் மறுநாள் இரவுதான் திரும்பியது. எரிவாயுவில் இயங்கும் வெப்பமூட்டியாக இருந்தாலும், சூடான காற்றைத் தள்ளும் விசிறிக்கு மின்சாரம் வேண்டும் என்பதால் அதுவும் அடங்கிப்போனது.

எங்களைக் காத்தது கூடத்திலிருந்த வார்ப்பிரும்பு விறகடுப்புதான். உரிமையாளர் நன்கு காய்ந்த மேப்பிள் விறகை விறாந்தையில் நிறைய அடுக்கி வைத்திருந்தார். விறகு எரியும்போது உண்டாகக்கூடிய நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு பற்றி எச்சரிக்கும் கருவியும் பாட்டரியில் இயங்கியது. இந்த இரண்டுக்காகவும் அவருக்கு மனமார நன்றி சொல்கிறேன். அடுப்பின் மேல்தட்டிலேயே அம்மா கஞ்சி காய்ச்சினார். பிள்ளைகளின் நனைந்த கையுறைகள் பக்கத்தில் ஆவி பறக்க உலர்ந்தன.

ஆனால், கிணற்று நீரை ஏற்றுவது மின்மோட்டார் என்பதால் குழாயில் தண்ணீர் வராது என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கழிப்பறைக்குப் பனியை உருக்கினோம். ஒரு பெரிய பானை நிறையப் பனி உருகினால் அடியில் கொஞ்சம் தண்ணீரே தேறுகிறது. குளிர்காலத்தில் இங்கே செல்வோர் குடிநீரைக் கையோடு கொண்டு போங்கள்.