அட்டவணையா, மரமா? விண்கலப் பழுதைத் தேடும் இரண்டு வழிகள்

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பஸ்ஸில், இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஓட்டுநர் கியரைக் குறைத்தே வண்டியைப் பிடிக்கிறார். பிரேக்கை மட்டும் நம்புவதில்லை. அதற்கான காரணத்திலேயே, விண்கலப் பாதுகாப்பில் நெடுநாளாகப் புழங்கும் இரண்டு முறைகளின் வேறுபாடும் அடங்கியிருக்கிறது.

முதலாவது, எஃப்.எம்.இ.ஏ. (பழுது வகை, விளைவு ஆய்வு). இது 1949-இல் அமெரிக்க ராணுவம் வகுத்த நடைமுறை. ஒவ்வொரு பாகமும் எப்படிப் பழுதாகும், பழுதானால் என்ன விளையும் என்று அட்டவணை போடுவார்கள். பஸ்ஸுக்குப் போட்டால், "முன்சக்கர பிரேக் போனால் பின்சக்கர பிரேக் இருக்கிறது" என்று ஒரு வரி வரும். சரிதான். ஆனால் மலைச்சரிவு முழுக்க மிதித்துக்கொண்டே இறங்கினால் எல்லாச் சக்கரங்களின் பிரேக்கும் சேர்ந்தே சூடேறிப் பிடிப்பை இழக்கும். தனித்தனி வரிகளில் அது எளிதில் தென்படாது.

இரண்டாவதான பழுது மரம் 1962-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில், மினிட்மேன் ஏவுகணைக்காகப் பிறந்தது. "வண்டி நிற்கவில்லை" என்று உச்சியில் எழுதிவிட்டுக் காரணங்களைத் தேடிக் கீழே இறங்க வேண்டும். இரண்டு பிரேக் கிளைகளும் 'சூடு' என்ற ஒரே வேரில் போய்ச் சேர்வது அங்கே தெரியும்.

1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் கிளம்பி 40 நொடிக்குள் சிதறியது இப்படித்தான். வழிகாட்டும் கருவிகள் இரண்டு, இரண்டிலும் ஓடிய மென்பொருள் ஒன்றே. 64 பிட் அளவில் இருந்த ஓர் எண், மென்பொருள் ஒதுக்கிய 16 பிட் இடத்துக்குள் அடங்காமல் மாற்றுக் கருவி முதலில் நின்றது. அடுத்த கணமே முதன்மைக் கருவியும் நின்றது.

சந்திரயான்-2 இன்னும் நுட்பமானது. 2019-இல் அதன் தரையிறங்கு கலமான விக்ரம், எந்தப் பாகமும் உடைந்து விழவில்லை. ஐந்து என்ஜின்களும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக உந்தின, பிழைகள் சேர்ந்துகொண்டே போயின, கலம் திரும்பும் வேகத்துக்கு மென்பொருள் வரம்பு போட்டிருந்தது, இறங்கும் இடமோ வெறும் 500 மீட்டர் சதுரம் என்று இஸ்ரோ தலைவராயிருந்த சோமநாத் விளக்கினார். பாகம் பாகமாகப் போடும் அட்டவணையில் இதற்கு வரி ஏது? "வேகம் குறையாமல் தரையைத் தொடுகிறது" என்று உச்சியில் எழுதினால்தான் இவையெல்லாம் ஒரே தாளுக்கு வரும். தோல்வியிலிருந்து தொடங்கி வடிவமைத்த சந்திரயான்-3-இல் இறங்குமிடம் சுமார் 4 கிலோமீட்டருக்கு 2.5 கிலோமீட்டராக விரிந்தது, கால்கள் வலுவாயின.

மரத்துக்கும் குறை உண்டு: நாம் கற்பனை செய்யாத விபத்து அதன் உச்சிக்கு வரவே வராது. அட்டவணையோ ஒரு வால்வைக்கூட விடாமல் நம்மை உட்கார வைத்துக் கேட்கும். ஆனாலும் சிறு செயற்கைக்கோள் செய்ய முனையும் நம் கல்லூரி மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதல் வாரம் மரம் வரையுங்கள். அட்டவணையை இரண்டாம் வாரம் தொடங்கி, கலம் கிளம்பும் நாள்வரை நிரப்புங்கள்.