ரூ.65,000 வாங்கிக்கொண்டு செல்லாத நடுவர் தீர்ப்பைக் கையில் கொடுத்தார்கள்

ஈரோடு, திருப்பூர், கரூர் பக்கம் ஆன்லைனில் சரக்கு விற்கிறவர்கள் இதை முழுசாகப் படித்துவிடுங்கள்.

சென்னிமலையில் எங்களுக்கு எட்டு விசைத்தறி. பெட்ஷீட்டும் துண்டும் ஓட்டி, பெரிய ஆன்லைன் தளம் ஒன்றில் நான்கு வருடமாக விற்றுவந்தோம். போன புரட்டாசியில், தீபாவளி விற்பனை சூடு பிடிக்கிற நேரத்தில், கணக்கை நிறுத்திவிட்டதாக மெயில் வந்தது. சரக்கு அசல்தானா என்று சந்தேகமாம், கொள்முதல் பில் கேட்டார்கள். சொந்தத் தறியில் ஓட்டுகிறவன் கொள்முதல் பில்லுக்கு எங்கே போவது? நூல் வாங்கிய பில் இருந்தது. ஆனால் அது அண்ணன் பேரில் உள்ள கம்பெனிக்குப் போட்டது. பெயர் பொருந்தவில்லை என்று திருப்பிவிட்டார்கள். அவர்களிடம் நின்றுபோன எங்கள் பணம் 3,86,000 ரூபாய்.

அந்த நேரத்தில்தான் வியாபாரிகள் வாட்ஸாப் குரூப்பில் ஒரு நம்பர் வந்தது. கூப்பிட்டேன், பேசியவர் கோவையில் ஆபீஸ் என்றார். “அப்பீலெல்லாம் வேலைக்கு ஆகாதுங்ணா. ஆர்பிட்ரேஷன் போட்டுட்டா முப்பதே நாளுல அவங்களே தொறந்து விட்டுருவாங்க. பணத்தையும் வட்டியோட குடுத்துத்தான் ஆகோணும்.” ஆர்பிட்ரேஷன் என்றால் கோர்ட்டுக்குப் பதிலாக ஒரு நடுவரை வைத்துத் தகராறைத் தீர்ப்பது. 45,000 அனுப்பினேன். பத்து நாள் கழித்து, நடுவர் கட்டணம் என்று இன்னொரு 20,000.

ஐப்பசிக் கடைசியில் அவார்டு, அதாவது நடுவரின் தீர்ப்பு, வந்தது. ஐந்து பக்கம், முத்திரைத்தாள் மாதிரி பச்சைக் கரை, கீழே வட்ட சீல், கையெழுத்து. ஏழு நாளில் கணக்கைத் திறக்க வேண்டும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அதைப் பார்த்து என் மனைவி அழுதேவிட்டாள். நானும் தறிக்காரர்களிடம் அடுத்த வாரம் பாவு ஏற்றலாம் என்று சொல்லிவிட்டேன்.

ஏழு நாள் போனது, பதினைந்து நாளும் போனது. அப்புறம்தான் ஈரோட்டில் வக்கீலாக இருக்கும் சித்தப்பா மகளிடம் அதை எடுத்துக்கொண்டு போனேன். முதல் பக்கத்தைப் புரட்டியதுமே, “இந்த நடுவரை யாருங்ணா போட்டது? அவங்க ஒத்துக்கிட்டாங்களா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

கணக்கு தொடங்கும்போது நான் படிக்காமல் டிக் போட்ட ஒப்பந்தத்தை அவள்தான் பிரிண்ட் எடுத்துப் படித்தாள். கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரே ஒரு பத்தி. தகராறு வந்தால் 1996ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டப்படி, இரு தரப்பும் சம்மதித்த ஒரே நடுவர், இடம் பெங்களூரு. சம்மதம் வராவிட்டால் 11ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் கேட்டு நடுவரைப் போட வேண்டும். இடம் பெங்களூரு என்பதால் அதுவும் கர்நாடக உயர் நீதிமன்றம். நம்மிடம் ஃபீஸ் வாங்கிய ஆள், தனக்குத் தெரிந்த ஒருவரை நடுவர் என்று கோவையில் உட்கார வைத்தால் அது வெறும் காகிதம். கம்பெனியே ஒருதலையாக நடுவரைப் போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் பெர்க்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் சொல்லியிருக்கிறது, அப்படியிருக்க நாம் மட்டும் போட முடியுமா என்றாள்.

முப்பது நாள் கதையும் பொய். இரு தரப்பும் எழுத்தில் ஒத்துக்கொண்டு விரைவு முறையில் போனால்கூடச் சட்டம் வைத்திருக்கும் காலம் 6 மாதம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான் ஆர்பிட்ரேஷனே தொடங்கும், அது 21ஆம் பிரிவு. எங்கள் பேரில் அந்த ஆள் அனுப்பிய நோட்டீஸ் போனது கஸ்டமர் கேர் மெயிலுக்கு. ஒப்புகை அட்டை கேட்டேன், இன்றுவரை வரவில்லை.

இதைவிட மோசமான வேலை ஒன்றும் செய்திருக்கிறார். என் லாகின் அவர் கையில் இருந்தது. அப்பீலில் எங்கள் பெயரில் ஒரு நூல் பில்லைத் தானே தயார் செய்து ஏற்றியிருக்கிறார். அந்த ஜிஎஸ்டி நம்பரைச் சரிபார்த்தால் வேறு ஊர்க் கடை வருகிறது. போலி ஆவணம் கொடுத்ததாகச் சொல்லிக் கணக்கை நிரந்தரமாக மூடிவிட்டார்கள். அண்ணன் கம்பெனிக்கும் எங்களுக்கும் உள்ள ஏற்பாட்டை ஒரு கடிதமாக எழுதி, அசல் பில்லோடு தறிகளின் போட்டோவையும் கரண்ட் பில்லையும் வைத்திருந்தால் நிமிர்ந்து நின்று பேசியிருக்கலாம். செய்யாத தப்புக்குப் பொய்யன் என்று பெயர் வாங்கியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வக்கீல் தங்கை முறையாக ஒரு நோட்டீஸ் எழுதி, ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்குப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினாள். ஐந்து வாரத்தில், ரிட்டர்ன் கழித்து 2,91,000 ரூபாய் வங்கிக்கு வந்தது. கணக்கு திறக்கவில்லை. அதற்கான நடுவர் நியமனம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

போலீசில் கொடுத்த புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது இருக்கிறது, சைபர் மோசடிப் புகார் எண் 1930லும் பதிந்திருக்கிறேன். ஆனால் போன வாரம் பெருந்துறை நண்பர் ஒருவருக்கு வேறு நம்பரிலிருந்து, வேறு ஆபீஸ் பெயரில் வாய்ஸ் மெசேஜ் வந்திருக்கிறது. போட்டுக் கேட்டேன். அதே குரல், அதே “முப்பதே நாளுங்ணா”. உங்களுக்கும் வந்தால் பணம் போடாதீர்கள், லாகினைக் கொடுக்காதீர்கள். அந்த மெசேஜை அழிக்காமல் எனக்கு அனுப்புங்கள், புகாரோடு சேர்க்க வேண்டும்.